நிலையாத சுருதி

அமெரிக்கப் பொறியாளர் டேவ் ஸ்மித், தாம் 1978இல் உருவாக்கிய ‘ப்ராஃபெட்-5’ சிந்தசைசரை 2020இல் மறுபடியும் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பழைய கருவியில் இல்லாத ஒரு குமிழ் அதன் முகப்பில் இருந்தது. பெயர் ‘வின்டேஜ்’. ஒரு பக்கம் திருப்பினால் ஐந்து குரல்களும் பிசகாமல் ஒத்த சுருதியில் நிற்கும். மறுபக்கம் திருப்பத் திருப்ப ஒவ்வொரு குரலும் மற்றவற்றிலிருந்து சற்றே விலகி, முதல் ப்ராஃபெட்டுகளைப் போலத் தளும்பத் தொடங்கும். அந்தத் தளும்பலை ஒடுக்கத்தான் முன்பு இதே பொறியாளர் பாடுபட்டார். ஒலியைப் பிறப்பிக்கும் பத்து ஆசிலேட்டர்களையும் அளந்து சுருதி கூட்ட ஒரு நுண்செயலியையும் அதற்கெனத் தனிப் பொத்தானையும் வைத்தார். 1980இல் அதிக நம்பகமான வேறு சிப்புகளுக்கு மாறினார். குறை என்று அன்று விரட்டப்பட்டதை நாற்பது ஆண்டுகள் கழித்து இசைஞர்கள் கேட்டு வாங்குகிறார்கள். இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஒதுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். மாறாமல் இருப்பது மெய்யா, மாறுவது மெய்யா என்ற மிகப் பழைய கேள்வி இந்தச் சின்னக் குமிழுக்குள் இருக்கிறது.

முதலில் அந்தத் தளும்பல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ராபர்ட் மூக் 1964இல் வடிவமைத்த கருவியிலும், அதன் வழியில் வந்த பெரும்பாலான சிந்தசைசர்களிலும், சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியானால் அரைச்சுரத்துக்கு உள்ள இடைவெளி ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அந்த மின்னழுத்தத்தை அதிர்வெண்ணாக மாற்றும் வேலையைச் செய்யும் டிரான்சிஸ்டரின் குணம் வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. அறை சூடேறினால் சுருதி நகரும். கருவியே சூடேறினாலும் நகரும். 1970இல் வந்த ‘மினிமூக்’கை வாசிப்பவர்கள் அதை முன்கூட்டியே இயக்கிச் சூடாகவிட்டுத்தான் சுருதி சேர்ப்பார்கள். அதில் மூன்று ஆசிலேட்டர்கள். மூன்றையும் ஒரே சுரத்துக்குக் கொண்டுவந்தாலும் அவை ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடு மெல்லிய அலையாக எழுந்து தணிகிறது. இதைக் கேட்டுத்தான் பழைய சிந்தசைசர் பிரியர்கள் ‘கருவிக்கு உயிர் இருக்கிறது’ என்கிறார்கள். மின்சுற்றுக்குள் நடப்பதைத் தம்மால் உணர முடியும் என்று மூக்கும் சொல்லியிருக்கிறார். டிரான்சிஸ்டருக்கு உயிர் இல்லை. ஆனால் இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் அவர்கள் உண்மையாகவே கேட்ட ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிடுவோம்.

அவர்கள் கேட்டது என்ன? இந்தியத் தத்துவத்தில் இதற்கு நேர் எதிரான இரண்டு விடைகள் கிடைக்கும். அத்வைதிக்கு, முக்காலத்திலும் மாறாமல் நிற்பதே மெய். தோன்றி, திரிந்து, மறைவது அதைவிடத் தாழ்ந்த தளத்தைச் சேர்ந்தது. இந்தப் பார்வையில் தளும்பும் சுரம் என்பது தூய சுரத்தின் பழுதுபட்ட நிழல் மட்டுமே. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அளவையியலாளர் தர்மகீர்த்தி மறுகோடியிலிருந்து தொடங்குகிறார். ஒன்று இருக்கிறது என்பதற்கு அடையாளம், அதனால் ஒரு விளைவை உண்டாக்க முடிகிறது என்பதே. விளைவை உண்டாக்குவது மாறாமல் இருக்க முடியாது. பௌத்தர்கள் சொல்லும் உதாரணம் குதிருக்குள் கிடக்கும் விதை. குதிரிலும் வயலிலும் அது ஒரே பொருளாகவே இருந்தால், ஒன்று குதிரிலேயே முளைத்திருக்க வேண்டும், அல்லது வயலிலும் முளைக்காமல் கிடக்க வேண்டும். முளைத்தது என்றால் மாறியது என்று பொருள். மணிமேகலையின் கடைசிக் காதைகளை வாசித்தவர்களுக்கு இந்த வகைத் தர்க்கம் அந்நியமாக இருக்காது. பழைய சிந்தசைசரில் காதுக்கு எட்டுவது இதுவே என்பது என் துணிபு. மின்னோட்டம் பாய்ந்து ஒலி பிறக்கிறது. அதே பாய்ச்சல் டிரான்சிஸ்டரைச் சூடாக்கி, அடுத்த கணத்தின் ஒலியை வேறாக்குகிறது. ஒலிக்கும் செயலும் மாறும் செயலும் அங்கே ஒரே நிகழ்ச்சி. உயிர் என்று அவர்கள் சொல்வது, கணத்துக்குக் கணம் அழிந்து மாறும் இந்தக் கணபங்கத்தையே.

இதற்கு வலுவான மறுப்பு பௌத்தரிடமிருந்தே வரும். எல்லாமே கணத்துக்குக் கணம் அழிவது என்றால் கணினியும் அப்படித்தானே? ஆர்டூரியா நிறுவனம் பின்னாளில் மினிமூக்கை மென்பொருளாக வெளியிட்டது. அதன் ஒலியும் தோன்றி மறைகிறது. அதை இயக்கும் சிப்பும் சூடேறித் தேய்கிறது. பழைய பெட்டிக்கு மட்டும் நிலையாமையில் என்ன தனி உரிமை? மறுப்பு நியாயமானது. இருப்பின் தன்மையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். வேறுபாடு, எது வெளியே தெரிகிறது என்பதில் இருக்கிறது. எண்முறைக் கருவியின் முழு முயற்சியும் அடியில் நிகழும் மாற்றம் மேலே எட்டாதபடி தடுப்பது. நேற்று வந்த எண்ணே இன்றும் வர வேண்டும். இது சாதாரண சாதனை அல்ல. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த முறையைக் கொண்டு யமஹா 1983இல் வெளியிட்ட ‘டிஎக்ஸ்7’ அந்தத் துல்லியத்தாலேயே அழகானது. அதைத் தாழ்த்திப் பேசுவது வெறும் கட்சிச் சண்டை. மின்னழுத்தத்தால் இயங்கும் பழைய அனலாக் கருவியால் தன் மாற்றத்தை மறைக்க முடியவில்லை. அந்த இயலாமை நமக்கு ஒன்றைக் காட்டித் தருகிறது.

வின்டேஜ் குமிழும் அதையே காட்டுகிறதே என்று அடுத்து கேட்கலாம். ஓரளவு காட்டுகிறது. அந்த விலகல் கணக்கிட்டு ஊட்டப்படுவது. பழைய கருவியின் விலகலுக்கோ காரணம் உண்டு: இந்த அறையின் புழுக்கம், இந்தக் கெபாசிட்டரின் முதுமை, நேற்று நடந்த பழுதுபார்ப்பு. நிலையாமை என்பது தற்செயல் அல்ல, காரணங்களைச் சார்ந்து எழுவது என்பதைப் பௌத்தம் விடாமல் வற்புறுத்துகிறது. ரோலண்டின் ‘டிஆர்-808’ தாளக் கருவி இதற்கு அருமையான சான்று. அதன் சீறலொலிக்குத் தரத்தேர்வில் தோற்ற டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கினார்கள். தயாரிப்பு முறை மேம்பட்டு அத்தகைய பழுதான டிரான்சிஸ்டர்கள் கிடைக்காமல் போனதால், 1983இல் கருவியையே நிறுத்த நேர்ந்தது. பதிவான பாட்டில் அசலையும் நகலையும் காது பிரித்தறியுமா என்றால், பெரும்பாலும் அறியாது என்றே சொல்வேன். பிரியர்கள் இதை மறுத்துச் சண்டையிடுவது அவர்களுடைய பலவீனமான இடம். கருவியின் மதிப்பைப் பதிவில் தேடுவதே தவறு. தினமும் சுருதி சேர்த்து, சூடேறக் காத்திருந்து, காதைத் தீட்டி வாசிப்பவருக்கும் கருவிக்கும் இடையில் ஒன்று வளர்கிறது. மதிப்பு அங்கே இருக்கிறது.

பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் போனால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1984இல் வந்த ரோலண்ட் ‘ஜூனோ-106’ல் ஆறு குரலுக்கு ஆறு சிப்புகள். அவற்றைக் காப்பாற்றப் பூசிய பூச்சே காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிட்டு அவற்றை ஊமையாக்குகிறது. கருவியைக் காதலிப்பவர்கள் சிப்பைக் கழற்றி அசிட்டோனில் நாட்கணக்கில் ஊறவைத்துப் பூச்சை உரித்தெடுக்கிறார்கள். பல சிப்புகள் மறுபடி பேசுகின்றன. கோர்க் ‘பாலிசிக்ஸ்’ஸில் நினைவைக் காக்க வைத்த பேட்டரி ஒழுகி, சுற்றுப்பலகையின் செம்புத் தடங்களைத் தின்றுவிடுகிறது. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மிஞ்சுவது அதே கருவிதானா? மிலிந்த அரசனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டிச் சொன்ன விடை இங்கும் பொருந்தும். அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல, இவற்றுக்கு அப்பால் தேர் என்று ஒன்று ஒளிந்திருக்கவும் இல்லை. அவை கூடி இயங்குவதற்கு இட்ட பெயரே தேர். ஆகவே ஒரு கெபாசிட்டரைக்கூட மாற்றாத கருவியே அசல், அதற்கே விலை என்னும் சேகரிப்பாளர்கள் தவறு செய்கிறார்கள் என்று உறுதியாக எண்ணுகிறேன். பொருள்களின் இயல்பும் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், நெடுங்காலம் மின்சாரம் காணாவிட்டால் சிதையத் தொடங்கும். அசையாத சுவிட்சுகளின் தொடுமுனைகளில் களிம்பேறும். கெடாமல் இருக்கட்டும் என்று கண்ணாடிப் பேழையில் பூட்டிய கருவி, பூட்டியதாலேயே கெடுகிறது.

துறவியின் மறுப்பு இன்னும் மிச்சமிருக்கிறது. நிலையாமையை உணர்ந்தவர் பற்றை விடுவார். சேகரிப்பாளர்களோ அறை நிறையக் கருவிகளை அடுக்குகிறார்கள். இதில் எங்கே ஞானம்? இந்த மறுப்பின் பாதியை அப்படியே ஏற்க வேண்டும். ரோலண்டின் ‘டிபி-303’ஐ எடுத்துக்கொள்வோம். பாஸ் கிதாருக்கு மாற்றாக 1981இல் வந்தது; விற்பனையாகாமல் 1984இல் நிறுத்தப்பட்டது. யாரும் மதிக்காத காலத்தில், மலிவாகக் கிடைத்ததால்தான் அது சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் கைக்குப் போனது. ஃபியூச்சர் குழு 1987இல் வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ ஒரு புதிய இசை வகையையே திறந்தது. அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1982இல், மும்பையின் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் அதே கருவியையும் பயன்படுத்திப் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டிருந்தார். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அதன் வசதி ராகத்துக்கு இயல்பாக இசைந்தது. அன்று அதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் இல்லை. இன்று அந்தச் சின்னப் பெட்டியின் விலை, எந்த ஏழை இளைஞனையும் வாசலிலேயே நிறுத்திவிடும். சேகரிப்பு இப்படி முடியுமானால் அதைப் பற்று என்று துறவி பழிப்பது சரியே.

மறுபாதியை ஏற்க முடியவில்லை. பற்றை விடுவது என்றால் கைவிடுவதுதான் என்று எந்த மரபும் முடிவாகச் சொல்லவில்லை. பௌத்த விகாரைகளிலும் கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள். அழியும் என்று தெரிந்தே ஒன்றைப் பராமரிப்பது, அழியாது என்று நம்பி அதைப் பிடித்துவைப்பதிலிருந்து முற்றிலும் வேறான மனநிலை. அந்தப் பராமரிப்பைத் தனியார் அறைகளுக்கு வெளியிலும் காணலாம். ஸ்டீவி வொண்டர் எழுபதுகளில் பயன்படுத்திய ‘டான்டோ’ என்னும் பிரம்மாண்டமான சிந்தசைசரைக் கனடாவின் கால்கரி நகரிலுள்ள தேசிய இசை மையம் 2013இல் பெற்றது. பழுதுபார்த்து முடிக்க 2018 ஆனது. பிறகு அதைக் கயிறு கட்டித் தூரத்தில் நிறுத்தி வைக்கவில்லை. இசைஞர்கள் அங்கே வந்து தங்கி, அந்தத் தொகுப்பிலுள்ள கருவிகளை வாசித்துப் புதிய பாட்டுகளைப் பதிவுசெய்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க்கிலுள்ள மின்னிசைக் கருவி அருங்காட்சியகம், வருபவர்கள் தொட்டு வாசிப்பதற்கென்றே ஒரு கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. வாசிக்க வாசிக்கக் குமிழ்கள் தேயும், சிப்புகள் போகும், மாற்றுச் சிப்பு ஒருநாள் கிடைக்காமலும் போகும். இரண்டு இடங்களிலும் இது தெரிந்தே செய்கிறார்கள். பத்துக் கருவிகளைத் தன் வீட்டில் வைத்திருக்கும் தனிச் சேகரிப்பாளரிடமும் இதையே கேட்கிறேன்: ஒன்றையாவது, வாங்க வசதியில்லாத ஒரு மாணவரின் விரலுக்குக் கொடுங்கள்.