ஒரே படகில் பலர் வினை

அவரவர் வினையை அவரவரே அனுபவித்துத் தீர்க்க வேண்டும், அயலானின் பாவம் நம்மைத் தொடாது, அவனுடைய புண்ணியம் நமக்கு உதவாது என்று நம் சமயாசாரியர்கள் நெடுங்காலமாக வற்புறுத்தி வந்திருக்கும் கொள்கை, திண்ணையில் சாய்ந்திருந்து சிந்திக்கையில் எத்துணை நியாயமாகத் தோன்றுகிறதோ, திருகோணமலை உள்துறைமுகத்தில் மூதூர் லோஞ்சில் ஏறி அமர்ந்தபின் அத்துணை எளிதாகத் தோன்றுவதில்லை. நிலத்தில் நடப்பவன் தன் காலை நம்பி நடக்கிறான். நீரில் போகிறவனுக்கோ, பக்கத்தில் இருப்பவன் சட்டென்று எழுந்து நின்றாலே அபாயம்.

மாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவுக்கு வடக்கே கோணேசர் கோயில் கொண்ட நகரமும் தெற்கே மூதூரும் இருக்கின்றன. புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் செப்பனிட இக்குடாவுக்குள் வந்த ஆங்கிலக் கப்பலைச் சேர்ந்த ராபர்ட் நொக்ஸ் என்னும் இளைஞன், தலைவனாக வந்த தன் தந்தையோடும் கப்பலாட்கள் சிலரோடும் 1660இல் கண்டியரசனின் ஆட்களிடம் அகப்பட்டதும், தந்தை சிறையிருப்பிலேயே மாண்டுபோக மகன் ஏறத்தாழ இருபது வருஷம் கழித்தே தப்பியதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, தரைவழியாக மூதூருக்குப் போக நினைத்தவரும் நீரைத் தவிர்க்க முடியாமல், இவ்வூரார் 'பாதை' என்று அழைக்கும் மிதவைகளில் வண்டியோடும் மூட்டையோடும் ஏறி இறங்கித்தான் போயினர்.

லோஞ்சு புறப்படுமுன் படகோட்டி செய்யும் காரியம் ஒன்றுண்டு. கோணேசர் இருக்கும் திசையை நோக்கிக் கைகூப்பும் தாயையும், நூஹ் நபி தம் கப்பலில் ஏறுகையில் மொழிந்ததாகக் குர்ஆன் கூறும் வசனத்தை உதடசைய ஓதும் பெரியவரையும், கழுத்தில் சிலுவை அணிந்த பிள்ளையையும், வெள்ளையுடுத்து விகாரைக்குப் போய்வரும் சிங்கள மூதாட்டியையும் அவன் ஒரே பார்வையில் அளந்துவிட்டு, “காக்கா, கொஞ்சம் அங்கால இரிங்க, அம்மா, கூடையை நடுவுக்கு எடுங்க” என்கிறான். காக்கா என்றழைக்கப்பட்ட பெரியவர் நகர்கிறார், கூடை நகர்கிறது, சாய்ந்திருந்த விளிம்பு நிமிர்கிறது. அவன் பார்த்தது பாரத்தைத்தான். யார் எந்த வினையைச் சுமந்து வந்தார் என்பது அவன் கணக்கில் வரவேயில்லை.

கணக்கில் வரவேண்டும் என்று எண்ணியவர்களும் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். தீவுக்குத் தீவு படகிலேயே வாழ்ந்த பழைய கிரேக்கர், கொலைக்கறை படிந்தவன் ஒருவன் ஏறினால் அவனோடு வந்த நிரபராதிகளும் மூழ்குவர் என்று நம்பினர். லெஸ்பொஸ் தீவிலிருந்து புறப்பட்ட பிரயாணத்தில் ஹெரோதஸ் என்பவன் காணாமற்போக, அவனைக் கொன்றதாக ஏதென்ஸில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக ஆந்திபோன் என்னும் சொல்வல்லான் எழுதிக்கொடுத்த வாதத்தில், அந்தப் பிரதிவாதியோடு கப்பலேறிய யாவரும் சுகமாகக் கரைசேர்ந்தனர் என்பதே அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சாட்சியாக வைக்கப்படுகிறது. இதற்கு விடையளித்தவனும் ஒரு தீவுக்காரனே. மேலோஸ் தீவின் டயாகரஸ் நாஸ்திகன் என்று பெயர் பெற்றவன். அவனை ஏற்றியதால்தான் புயல் வந்தது என்று மாலுமிகள் முறையிட்டபோது, அதே புயலில் தத்தளிக்கும் மற்றக் கப்பல்களைச் சுட்டி, அவற்றிலும் ஒரு டயாகரஸ் இருக்கிறானா என்று அவன் வினவியதாக ரோமானிய எழுத்தாளர் ஸிஸரோ எழுதிவைத்திருக்கிறார். பக்தனாகிய எனக்கு அந்த நாஸ்திகனின் கேள்வி இன்றும் இனிக்கிறது.

நம்மவர் வேறொரு வழியில் சமாதானம் சொல்வர். பிராரத்தமாகிய முன்வினை ஒரே வேளையில் பழுத்தவர்களையெல்லாம் விதியே திரட்டி ஒரு படகில் ஏற்றுகிறது என்பர். தர்க்கத்தில் இதற்கு ஓட்டை இல்லை. ஆனால் 2021 நவம்பர் 23இல், பாலவேலை நடந்துகொண்டிருந்த காரணத்தால் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதையை நம்பிப் புறப்பட்டுப் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மூழ்கிப்போன காலையை நினைத்துக்கொண்டு, அப்பிள்ளைகளைப் பெற்றவர்களின் முன்னால் நின்று இந்தச் சமாதானத்தை உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும், நாக்கு எழாது. வினைக்கொள்கை தன்மையிடத்துக்கு உரியதேயன்றிப் படர்க்கைக்கு உரியதன்று என்பது என் துணிபு. எனக்கு வந்த துன்பத்தை என் வினையென்று நான் ஏற்றுக்கொண்டால் அது பொறுமை. பிறனுக்கு வந்ததை அவன் வினையென்று நான் தீர்ப்பளித்தால், ஆன்மிகப் போர்வை போர்த்துக்கொண்ட அலட்சியத்துக்கு அதைவிட வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

வினையை மறுக்காமலே அதன் எல்லையைக் குறுக்கியவரும் உண்டு. அனுபவிப்பதெல்லாம் முன்வினைப் பயனே என்பாரைப் பற்றி மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன் கேட்க, புத்தபகவான் பித்தம், கபம், வாதம், பருவமாற்றம் என்று காரணங்களை எண்ணிக்கொண்டே போய், வினையை அவற்றுள் ஒன்றாக மட்டும் வைத்தார் என்கிறது சம்யுத்த நிகாயம். இஸ்லாமியர் யூனுஸ் நபியென்று போற்றும் விவிலியத்து யோனாவோ, தன் பொருட்டே புயல் வந்ததென்று தானே ஒப்புக்கொண்டவர். அப்படியிருந்தும் அந்த அந்நிய மாலுமிகள் அவரை உடனே கடலில் எறியாமல், முதலில் கரைசேரும் பொருட்டு உயிரைக் கொடுத்துத் துடுப்பு வலித்தார்கள் என்று விவிலியம் சொல்கிறது. கதை கேட்போர் மீனிடம் ஓடும் அவசரத்தில் அந்தத் துடுப்பைக் கவனிப்பதில்லை. 2000 செப்டம்பரில் பாரோஸ் தீவருகே எக்ஸ்பிரஸ் சமீனா என்னும் பயணக் கப்பல் பாறையில் மோதி எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, கிரேக்கர் பழைய டயாகரஸைத் தேடவில்லை. நீர்புகாக் கதவுகள் ஏன் திறந்து கிடந்தன என்று விசாரித்தார்கள், பொறுப்பாளிகளை நீதிமன்றம் தண்டித்தது. அதுவும் துடுப்பு வலிப்பதன் ஒரு வகையே.

அப்படியானால் கைகூப்பிய தாயும் ஓதிய பெரியவரும் செய்தது வீண்காரியமா என்று கேட்கலாம். நான் அப்படி எண்ணவில்லை. வீட்டுப் பூஜையறையில் என் குடும்பத்துக்கு மட்டும் என்று வேண்டிக்கொள்ள இடமுண்டு. நடுக்குடாவில் அந்தச் சுருக்கம் செல்லாது, எதிர்ப்பலகையில் இருப்பவனை விட்டுவிட்டு நான் மாத்திரம் கரைசேர வேண்டும் என்று எந்தத் தெய்வத்திடமும் கேட்க வழியில்லை. ஒரு தெருவார் மறு தெருவாரைக் கண்டு அஞ்சிய யுத்த வருஷங்களிலும், இவ்விரு கரைகளுக்கும் நடுவே போய்வந்த ஜனங்கள், தாம் அஞ்சியவரையும் சேர்த்தே ஆண்டவனிடம் வேண்டியிருப்பார்கள்; வேறு விதமாக வேண்ட அந்தப் பலகையில் இடமிருந்திராது.