இரண்டு மடி

"இரண்டு வயதுக் குழந்தைக்குக் கடல் எதற்கு, வாத்தியாரே?"

கேட்டவர் எங்கள் தெருப் பெரியவர். கோடை விடுமுறையில் நானும் என் துணைவியும் எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு கடலோரப் பயணம் புறப்பட்ட நாள் அது. மேல்சித்தாமூரிலிருந்து திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம், பிறகு புதுவை, கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி என்று பேருந்து மாறி மாறி நாகை வரை போவது எங்கள் திட்டம். கார் இல்லை, அமர்த்தப் பணமும் இல்லை. தொகுப்பூதியம் பெறும் ஆசிரியனுக்குப் பேருந்துதான் தேர், நடத்துநர் ஊதும் விசில்தான் சங்கநாதம்.

பெரியவர் கேட்டதிலே சினமில்லை, நையாண்டியும் இல்லை. நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். "இந்த வயதிலே பார்த்தது எதுவும் அதற்கு நினைவிருக்காது. வெயிலும் வியர்வையும்தான் மிச்சம். காசுக்கும் கேடு, பிள்ளையின் உடம்புக்கும் கேடு" என்றார்.

ஓராண்டுக்கு முன்பு, அதே குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த வேண்டுமென்று வற்புறுத்தியவரும் அவரேதான். அன்று, "குழந்தைக்கு நினைவிருக்குமா?" என்று அவர் கேட்கவில்லை. தொலைவிலிருக்கும் கோயிலுக்கு நெரிசலில் தூக்கிச் செல்வது பயன், அருகிலிருக்கும் கடலைக் காட்டச் செல்வது வீண்! இது என்ன கணக்கு என்று கேட்டுவிட நாக்கு துடித்தது. ஆயினும் பெரியவரை மடக்குவது எளிது. அவர் எழுப்பிய கேள்வியை மடக்குவது எளிதன்று. நினைவில் நில்லாத ஒன்றுக்கு மதிப்பு உண்டா? மறந்துவிடப் போகும் மகளுக்காக இத்தனை பாடு படுவது அறிவுடைமையா? அந்தக் கேள்வியையும் மூட்டையோடு மூட்டையாகக் கட்டிக்கொண்டுதான் நான் பேருந்து ஏறினேன்.

செலவைப் பற்றி முதலில் ஒரு சொல். 2021 மே திங்கள் முதல், தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஐந்து வயது வரை குழந்தைகளுக்கு அரசுப் பேருந்துகளில் சீட்டு வேண்டாமென்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு மூன்று வயதுவரைதான் அந்தச் சலுகை. ஆகவே நகரப் பேருந்து கிடைக்கும் இடங்களில் எங்கள் மூவரில் சீட்டு வாங்கியவன் நான் ஒருவன்தான்! புறநகர்ப் பேருந்துகளில் இருவருக்குச் சீட்டு. எண்ணெய் தேய்த்த கூந்தலும், இடுப்பிலே பிள்ளையும், கையிலே பையுமாய்ப் பெண்கள் கூட்டங்கூட்டமாய் ஏறி இறங்குவதைக் கண்டேன். யாரிடமும் பேருந்துக் கூலி கேட்டு நிற்கத் தேவையில்லாத ஒருத்தி நிமிர்ந்து ஏறுகிற அழகு தனி. 2015இல் தொடங்கிப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நாங்கள் போன வேளை பூட்டிக் கிடந்தது என்பதையும், சாவியைத் தேடி என் துணைவி அலைந்தாள் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சட்டம் திறந்த கதவைச் சோம்பல் பூட்டிவிடுகிறது.

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டு, "பால்! பால்!" என்று கூவினாள் மகள். கழுவெளியிலே பறவைகளைப் பார்த்துக் கை தட்டினாள். புதுவையில் அலை காலைத் தொட்டதும் அலறினாள். அலை திரும்பியதும் அதைத் துரத்தினாள். இவை இனிமைகள். நான் எழுத வந்தது இவற்றை அல்ல.

கடலூரில் சிதம்பரம் செல்லும் பேருந்தில் ஏறினோம். நிற்க இடமில்லாத கூட்டம். என் துணைவி பைகளோடு பின்புறம் சிக்கிக்கொண்டாள். நான் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் மகளையும் பற்றிக்கொண்டு நின்றேன். வெயில் தகித்தது. குழந்தை நெளிந்தாள், சிணுங்கினாள், பிறகு வாய்விட்டு அழுதாள். என் கை மரத்துப் போயிற்று.

அருகே இருக்கையில் ஒரு மூதாட்டி. காலடியிலே மீன் கூடை. விற்றுத் தீர்ந்த வெறுங்கூடை. இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்தார். தம் மடிமீது அதை விரித்தார். சுருக்கம் நீக்கிச் சரிசெய்தார். அதன் பிறகே கையை நீட்டினார்.

"கொடு தம்பி பிள்ளையை. எவ்வளவு நேரந்தான் தூக்கிக்கிட்டு நிப்பே?"

பின்னாலிருந்து ஒருவர், படித்தவர் போலும், என் காதோடு சொன்னார்: "வேண்டாங்க. மீன் கவுச்சி. பிள்ளைக்கு ஆகாது."

தோழர்களே! இங்கேதான் நான் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறேன். மேடையிலே சமத்துவம் முழங்கியவன் நான். கல்லூரி நாட்களில், பிறப்பொக்கும் என்ற பொருளில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவன் நான். வகுப்பறையில் ஒரே பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கச் சொல்லித் தருபவன் நான். ஆயினும் அந்தக் கணம் என் கை முன்னே போகவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. தயங்கிற்று! நான் மீன் உண்பவன். அதுவும் விரும்பி உண்பவன். என் தட்டுக்கு ஆகிற மீன், என் மகள் அமரும் மடிக்கு ஆகாதா?

நான் தயங்கினேன், என் மகள் தயங்கவில்லை. இரு கைகளையும் நீட்டித் தாவினாள். மூதாட்டியின் மடியிலே விழுந்தாள். கண்ணாடி வளையலைப் பிடித்து ஆட்டினாள். கால் மணி நேரத்தில் உறங்கியும் போனாள்.

சிதம்பரம் வரும்வரை நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏன் அதை விரித்தார்? யாரும் எதுவும் சொல்லுமுன்பே விரித்தாரே! ஏனென்றால், முன்பு பலர் சொல்லியிருக்கிறார்கள். முகம் சுளித்திருக்கிறார்கள், மூக்கைப் பொத்தியிருக்கிறார்கள், இருக்கை மாறியிருக்கிறார்கள். வரவிருக்கும் அவமதிப்பை முன்கூட்டியே ஒரு துண்டினால் மூடினார் அந்தத் தாய். என் தயக்கத்தை அவர் எதிர்பார்த்திருந்தார் என்பதுதான் என்னைச் சுட்டது.

2021 டிசம்பரில் குளச்சலில் நடந்ததை நாடறியும். மீன் விற்றுத் திரும்பிய முதிய பெண் ஒருவரை, நாற்றம் அடிக்கிறதென்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டனர். பேருந்து நிலையத்திலே நின்று அவர் எழுப்பிய நீதிக் குரல் நாடெங்கும் கேட்டது. முதலமைச்சர் கண்டித்தார், பணியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். நடவடிக்கை சரி. ஆனால் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள் மட்டுந்தாமா? மூக்கைப் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருக்கும் நாட்டில்தானே இறக்கிவிடத் துணிபவர் ஓரிருவர் முளைக்கின்றனர்!

பேருந்து வெறும் ஊர்தி அன்று; அது நம் சமுதாயத்தை உரசிப் பார்க்கும் கல். கோயிலுக்குத் தனி வாயில் வைக்கலாம். கிணற்றுக்குத் தனித்துறை வகுக்கலாம். பேருந்துக்குள்ளே உடம்பு உடம்போடு உராயாமல் தப்ப வழியில்லை. ஆகவேதான் தொடக்கத்திலேயே அதைப் பூட்டப் பார்த்தார்கள். தாழ்த்தப்பட்டவர்களைத் தனியார் பேருந்துகளில் ஏற்ற மறுத்த காலம் இந்த நாட்டிலே இருந்தது. 1920களின் இறுதியில், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் இல்லை! 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பேச்சில் சொன்னதைப் பேனாவிலும் காட்டியவர் அவர்.

கடல் கடந்தால் கதை வேறா? 1955 டிசம்பர் முதல் நாள், அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்தார். அந்நகர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தனர், சட்டம் பணிந்தது. அங்கே ஓர் இருக்கைக்காகப் பேருந்தைப் புறக்கணித்தனர் ஒடுக்கப்பட்டவர்கள். இங்கேயோ 1997இல், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது, ஒடுக்கப்பட்ட மக்களின் வீரன் பெயர் தாங்கிய பேருந்தா என்று எதிர்த்தனர் ஆதிக்கத்தினர். கலவரம் மூண்டது. முடிவில் அந்த ஆண்டிலேயே, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களே நீக்கப்பட்டன. பேருந்து ஓடியது, பெயர்தான் இறக்கிவிடப்பட்டது.

மறுநாள் பூம்புகார். அங்கே நினைவுக்கு வந்தவர் கோவலனும் கண்ணகியும் அல்லர். எங்கள் ஊரோடு உறவுடைய ஒருவர். மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இருக்கும் ஊர். சிலம்பிலே வரும் கவுந்தியடிகளும் சமணத் துறவி. புகாரிலிருந்து புறப்பட்ட அந்த இளையோரோடு மதுரை வரை கால் நோக நடந்தவர். மதுரைப் புறஞ்சேரியிலே, பெருவணிகர் குடியில் பிறந்த கண்ணகியை அவர் யாரிடம் ஒப்படைத்தார்? மாதரி என்னும் இடைக்குல முதுமகளிடம்! குலம் கேட்கவில்லை; குணம் பார்த்தார். தன்னிடம் அடைக்கலமாக வந்தவளைக் காக்க முடியவில்லையே என்று பின்னர்த் தீயில் வீழ்ந்து உயிர் விட்டாள் மாதரி என்கிறது காப்பியம். தீப்பாய்வதை நான் போற்றவில்லை. ஆனால் முன்பின் அறியாத ஒருத்தியின் பொறுப்பை உயிரினும் பெரிதாக எண்ணிய உள்ளத்தைப் போற்றாதிருக்க முடியுமா?

ஒரு மறுப்பு எழலாம். "மாதரி பசுவைக் காத்துப் பால் விற்றவள். கொல்லாமை நோற்ற கவுந்தி, மீன் விற்பவள் மடியில் கண்ணகியைக் கொடுத்திருப்பாரா?" நியாயமான கேள்வி. கொல்லாமையை உண்மையாகக் கடைப்பிடிப்போர் எங்கள் ஊரில் உண்டு. அவர்களை நான் மதிக்கிறேன். மீன் உண்ணாதிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆயின் உணவை விலக்குவது வேறு, உயர்ந்த உள்ளத்தை விலக்குவது வேறு. மீனை மறுப்பது நோன்பு. மடியை மறுப்பது தீண்டாமை. எல்லா உயிரிடத்தும் இரக்கம் காட்டச் சொல்லும் அறம், மனித உயிரிடத்திலே மூக்கைச் சுளிக்கச் சொல்லுமா? மேலும், என்னைப் போன்றவனுக்கு அந்தச் சாக்கும் இல்லையே! நான் நோன்பாளி அல்லன். மீன் தின்றுவிட்டு மீனவத் தாயைக் கண்டு தயங்கியவன்.

தமிழிலே ஒரு சொல் விந்தை உண்டு. குழந்தையை ஏந்துவதும் 'மடி'. அண்டாதே, தொடாதே என்று விலகி நிற்பதும் 'மடி'. ஒன்று அணைக்கிறது, மற்றொன்று அகற்றுகிறது. ஒன்று தாயின் மடி; மற்றொன்று சாதியின் மடி. ஒரு குழந்தை எந்த மடியில் வளர்கிறது என்பதைப் பொறுத்தே அது எப்படிப்பட்ட மனிதன் ஆகிறது என்பதும் அமைகிறது.

பெரியவரின் கேள்விக்கு இப்போது வருகிறேன். "நினைவிருக்காதே, பிறகு எதற்கு?" என்றார். நினைவிருக்காது, உண்மை. உப்பளமும் பறவையும் மூதாட்டியின் வளையலும் என் மகளுக்கு நினைவிருக்கப் போவதில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். நாம் முதற்சொல் பேசியது நமக்கு நினைவிருக்கிறதா? நடக்கக் கற்றது நினைவிருக்கிறதா? இல்லை. ஆயினும் பேசுகிறோம், நடக்கிறோம். நினைவுக்கு முன்னே கற்றவைதாம் நம்மில் ஆழ வேரோடிக் கிடக்கின்றன.

சாதியும் அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது! எந்தப் பள்ளியிலும் அதற்குப் பாடநூல் இல்லை. அம்மாவின் மூக்குச் சுளிப்பு ஒரு பாடம். பாட்டி சட்டென்று கையைப் பற்றி இழுப்பது ஒரு பாடம். தந்தையின் இரண்டு நொடித் தயக்கம் ஒரு பாடம். பாடம் படித்த நாள் மறந்துவிடும். பாடம் மட்டும் நிலைத்துவிடும். என் கை கடலூர்ப் பேருந்தில் தயங்கியதே, அந்தத் தயக்கத்தை எனக்குக் கற்பித்தவர் யார், எந்த நாளில், எந்த இடத்தில்? எனக்கு நினைவில்லை. நினைவில்லாததால்தான் அதை எதிர்த்து வாதாடவும் எனக்கு இயலாமல் போயிற்று. நூல்களால் நான் பெற்ற பகுத்தறிவு நாவிலே குடியிருந்தது. நினைவுக்கு முன்னே பெற்ற அருவருப்பு கையிலே குடியிருந்தது.

ஆகவே, பெரியவரே, நினைவிருக்காது என்பதனால் அல்லவா அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது! நஞ்சு நினைவுக்கு முன்னே ஊட்டப்படுமானால் மருந்தும் நினைவுக்கு முன்னேதான் ஊட்டப்பட வேண்டும். பிறர் மடியில் உறங்கிப் பழகிய குழந்தைக்குப் பிறரை அஞ்சக் கற்பிப்பது கடினம். ஐந்து வயது வரை சீட்டு வேண்டாம் என்கிறது பேருந்து. அந்த ஐந்தாண்டு நமக்கு நல்ல வாய்ப்பு!

நாகைக் கடற்கரையில், 2004 டிசம்பர் 26 அன்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அம்மாவட்டம் கடலுக்குப் பறிகொடுத்ததை எண்ணியபடி நின்றோம். அலை வந்தபோது அது குலம் கேட்டதா என்று என் துணைவி மெல்லக் கேட்டாள். இயற்கை காட்டாத வேற்றுமையை மனிதன் காட்டுகிறான். இயற்கை காட்டாத அன்பையும் மனிதனால்தானே காட்ட முடியும் என்றேன். மகள் மணலை அள்ளி எங்கள் இருவர் மடியிலும் கொட்டினாள்.

திரும்பும்போது மீண்டும் கூட்டம், மீண்டும் வெயில், மீண்டும் அழுகை. இருக்கையில் இருந்தவர் யார், என்ன தொழில் என்று நான் பார்க்கவில்லை. "கொஞ்சம் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று நானே கேட்டேன். அவர் துண்டைத் தேடுமுன்பு என் மகளை நீட்டினேன்.

இரண்டு நொடி தயங்கியவனுக்கு இது பெரிய புரட்சி அன்று. ஆனால், இளைஞனே, உன் கையை நீயும் ஒருமுறை சோதித்துப் பார். கொள்கை உன் நாவில் இருப்பதை நான் அறிவேன். அது உன் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதா?