ஓட்டையைக் கண்டவர் யாரிடம் சொல்வது?

தற்காப்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் இணையப் பாதுகாப்புக்குத் தலைமை ஏற்பவர் என்ன செய்வார்? சினிமாவில் வருகிற மாதிரி இருட்டு அறை, திரையில் ஓடும் பச்சை எழுத்து எல்லாம் இருக்காது. எந்தக் கணினி எந்தக் கட்டமைப்பில் இணைந்திருக்கிறது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்பட்டதா, போன வாரம் வந்த மென்பொருள் திருத்தத்தை எல்லாரும் போட்டுவிட்டார்களா என்று பார்க்கிற சலிப்பான வேலைதான் அதிகம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் எனக்கு அந்த வேலைமேல் ஆசை உண்டு. ஒரே ஒரு கேள்விதான் உறுத்துகிறது.

அந்தக் கூடத்தின் ஆய்வாளர்கள், உலகமே பயன்படுத்தும் ஒரு மென்பொருளில் யாருக்கும் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று வையுங்கள். தயாரித்த நிறுவனத்திடம் சொன்னால் அடைத்துவிடுவார்கள். சொல்லாமல் வைத்திருந்தால், எதிரியின் கணினிக்குள் நுழைய அதுவே சாவி. எது சரி?

இது நடந்த கதை. விண்டோசில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்தும் ‘எட்டர்னல் புளூ’ என்ற கருவி அமெரிக்காவின் என்எஸ்ஏ வசம் இருந்தது. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரலில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்ற கும்பல் கருவியை இணையத்தில் போட்டுவிட்டது. மே 12ஆம் தேதி ‘வான்னாகிரை’ வந்தது. திருத்தம் போடாத கணினிகள் சுமார் 150 நாடுகளில் முடங்கின. பிரிட்டனின் மருத்துவமனைகளில் 19,000க்கும் மேற்பட்ட சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். நம்ம தியோங் பாரு பிளாசாவின் மின்னிலக்க வழிகாட்டிப் பலகைகூடத் தப்பவில்லை! அரசாங்கங்கள் ஓட்டைகளைச் சேர்த்து வைப்பதே இதற்கு ஒரு காரணம் என்று மைக்ரோசாஃப்டின் பிராட் ஸ்மித் வெளிப்படையாகவே கண்டித்தார்.

இதைப் பற்றி மாமாவிடம் பேசினேன். அவர் பழைய ராணுவக்காரர். “தம்பி, குண்டு வைக்கப் போறவன் போனைத் திறக்க அந்த ஓட்டைதான் வழின்னா? அப்பவும் நிறுவனத்துக்கு மெயில் போடுவியா?” என்றார்.

நியாயமான கேள்விதான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஆனால் துப்பாக்கிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நம் கிடங்கில் துப்பாக்கி இருப்பதால் நம் வீட்டுக் கதவு பலவீனமாகாது. ஓட்டையை மறைத்தால் ஆகும். எதிரி வைத்திருக்கும் அதே விண்டோஸ்தான் நம் பாலிகிளினிக்கிலும், பள்ளியிலும், அதே ஆய்வுக்கூடத்திலும் இருக்கலாம். நாம் கண்டதை இன்னொருவர் காண மாட்டார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு விதுரர் ஞாபகம் வருகிறார். அஸ்தினாபுர அரசவையில் இருந்தவர்தான். அரக்கு மாளிகை ரகசியம் தெரிந்ததும் அவர் தெருவில் நின்று கத்தவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. எரியப் போகிறவர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி தருமரிடம் பூடகமாகச் சொன்னார். சுரங்கம் தோண்ட ஓர் ஆளையும் அனுப்பினார். இன்றைக்குப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பின்பற்றும் முறையும் கிட்டத்தட்ட இதுதான்: பாதிக்கப்படப் போகிறவரிடம் முதலில் ரகசியமாகச் சொல், அடைக்க அவகாசம் கொடு.

நம் தற்காப்பு அமைச்சே இந்தப் பக்கம் ஓர் அடி வைத்திருக்கிறது. 2017இல் அதன் ஐ-நெட் கட்டமைப்பு ஊடுருவப்பட்டு, 850 தேசிய சேவையாளர்கள், ஊழியர்களின் விவரங்கள் திருடுபோயின. மறுவருடம், தன் இணையத்தளங்களில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லி 264 ஹேக்கர்களை அமைச்சு அழைத்தது. 35 ஓட்டைகள் கிடைத்தன. அதற்குக் கொடுத்த மொத்தப் பரிசுத்தொகை 14,750 அமெரிக்க டாலர். சும்மா சொல்லக்கூடாது, மலிவுதான்.

ஆனால் அது நம் வீட்டு ஓட்டை. ஊரார் எல்லாருக்கும் பொதுவான ஓட்டை என்றால்? சொல்லிவிடுவதே வழக்கமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறைக்க நினைப்பவர்தான் காரணம் காட்ட வேண்டும், எத்தனை நாளைக்கு என்றும் சொல்ல வேண்டும். முடிவும் ஆயுதமாகப் பயன்படுத்துகிறவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. 2017 நவம்பரில் அமெரிக்கா வெளியிட்ட விதிமுறையில், உளவுத்துறைகளோடு வர்த்தகத்துறைக்கும் அந்த மேசையில் இடம் இருக்கிறது. அந்த மேசையில் பாதுகாப்புத் தலைவர் பிடிவாதமாகப் பேச வேண்டும். கதவைக் காப்பதற்குத்தானே அவருக்குச் சம்பளம்?

அடுத்த வருடம் இப்படி ஓர் இடத்தில் வேலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். “இங்கே ஓட்டை கண்டுபிடித்தால், ‘போதும், சொல்லிவிடலாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?” என்று நேர்முகத்தில் கேட்பதாக இருக்கிறேன். மாமா சிரிக்கிறார், “முதல்ல வேலை கிடைக்கட்டும்டா” என்று.