கோழித் தீனும் மனச்சாட்சியும்

மடுவத்தில் எஞ்சும் எலும்பையும் உதிரத்தையும் அவித்து, உலர்த்தி, மாவாக்கிக் கோழித் தீனில் கலக்கலாமா? 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி வற்றிச் சோளமும் சோயாவும் அருகின. தீனின் விலை ஏற, கல்முனை ஏழையின் சட்டியிலிருந்து கோழிக்கறி மறைந்ததை நாம் கண்டோம். உதிர மாவில் நூற்றுக்கு 80 பங்களவு புரதம் உண்டு. அதை மண்ணிற் புதைப்பது நியாயமா என்று கேட்பது அற்பமான கேள்வியன்று.

ஆயினும் உதிரம் நமக்கு ஹராம். அதைத் தின்ற கோழி? அசுத்தம் தின்னும் பிராணியை ‘ஜல்லாலா’ என்றனர் முன்னோர். தீனிற் பெரும்பகுதி அசுத்தமானாலே அப்பெயர் பொருந்தும் என்பாரும் உளர். அத்தகைய கோழியை இப்னு உமர் 3 நாள் அடைத்து வைத்த பின்னரே உண்டார் என்பர். கோழியை அவர் தள்ளிவிடவில்லை. அதை உண்ணும் மனிதன்மீது பொறுப்பைச் சுமத்தினார்.

பொறுப்பற்ற இலாபம் எங்கே கொண்டு செல்லும் என்பதைப் பிரித்தானியா காட்டியது. மாட்டின் எச்சத்தை மாட்டுக்கே ஊட்டியதாற் பரவிய மூளை நோய் அங்கே 1986இல் இனங்காணப்பட்டது. அது மனிதரையும் பற்றியிருக்கலாமென 1996இல் அரசு ஒப்புக்கொண்டது. 2001இல் விலங்குப் புரதத் தீனைத் தடுத்த ஐரோப்பிய ஒன்றியம், 2021இல் பன்றிப் புரதத்தைக் கோழிக்கு ஊட்ட அனுமதித்தது.

ஆகவே, எச்சம் ஆகுமா ஆகாதா என்பதோடு நமது கேள்வி முடிவதில்லை. எந்தப் பிராணியின் எச்சம் கலந்தது என்பதை முதலாளி தீன் மூட்டையில் எழுதுவானா? உண்பவனின் மனச்சாட்சிக்கு மறைத்து விற்பது மலிவன்று, களவே.