தொண்ணூறு நாட்கள்

அடைக்கலமாகப் பெற்ற பொருளைப் பேணித் திருப்பித் தருவதை நம் முன்னோர் பேரறமாகப் போற்றினர். ஆனால் ஒருவர் பிறர் பொருளைத் தாமே எடுத்துக்கொண்டு, 'பாதுகாக்கவே எடுத்தேன். விரைவில் திருப்பித் தருவேன்' என்றால் அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றும் தளபதிகள் பெரும்பாலும் இதையே சொல்கின்றனர்.

1977-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாகிஸ்தானில் நடந்த தேர்தலில் முறைகேடு நிகழ்ந்ததாகக் கூறி எதிர்க்கட்சிகள் கிளர்ந்தெழுந்தன. ஜூலை 5-ஆம் தேதி தரைப்படைத் தலைவர் ஜியா-உல்-ஹக், பிரதமர் ஜுல்பிகர் அலி பூட்டோவைப் பதவியிலிருந்து அகற்றினார். பணிமூப்பு உடைய பலர் இருக்க, அவர்களை விடுத்து ஜியாவை அப்பதவிக்குத் தேர்ந்தெடுத்தவரே பூட்டோதான். தமக்கு அரசியல் ஆசை இல்லை என்றும், தொண்ணூறு நாட்களுக்குள் தேர்தல் நடத்தப்படும் என்றும் ஜியா மக்களுக்கு வாக்களித்தார். பதினோர் ஆண்டுகள் கழிந்தன. 1988 ஆகஸ்டு 17 அன்று விமான விபத்தில் இறக்கும்வரை அவர் அதிகாரத்தை விடவில்லை.

அந்த வாக்குறுதி தொடக்கத்திலேயே பொய்யா? அவரது மனத்தை நாம் அறியோம். மெய்யென்றே கொள்வோம், அப்போதுதான் இந்நிகழ்ச்சி நமக்குப் பாடமாகும். 'முதலில் தவறு செய்தவர்களை விசாரிக்க வேண்டும்; பிறகு தேர்தல்' என்பது தள்ளிவைப்பதற்கான முதற்காரணம். அது கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆயின் அதன் அடியில் அச்சமும் இருந்திருக்கலாம். அந்நாட்டின் 1973-ஆம் ஆண்டு அரசியல் சாசனம், வன்முறையால் சாசனத்தைக் கவிழ்ப்பதைப் பெருந்துரோகக் குற்றம் என்கிறது. அகற்றப்பட்டவர் மீண்டும் வந்தால் அகற்றியவரின் கதி என்ன? 1979 ஏப்ரல் 4 அன்று பூட்டோ தூக்கிலிடப்பட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று பாகிஸ்தான் உச்சநீதிமன்றம் 2024-இல் கருத்துரைத்தது. தவறான முதலடி, இரண்டாவது தவற்றைத் தற்காப்பாகத் தோன்றச் செய்கிறது.

அதே நீதிமன்றம்தான் 1977-இல், 'அவசியம்' என்ற கோட்பாட்டின்படி இராணுவ ஆட்சியை ஏற்றது. தேர்தல் விரைவில் நடக்கும் என்ற உறுதிமொழியையும் நம்பியது. நெருக்கடியில் விதிவிலக்கான செயல் தேவைப்படலாம் என்பதை முற்றிலும் மறுக்க இயலாது. ஆனால் அந்த அவசியம் எப்போது முடிந்தது என்று அறிவிப்பவர் யார்? அதனால் பயன்பெறுபவரே அறிவிக்க வேண்டுமெனில், அது முடிவதேயில்லை.

இதற்கு மாறாகவும் ஒருவர் நடந்தார். 1985-இல் சூடானில், பதினாறு ஆண்டுகள் ஆண்ட நிமேரிக்கு எதிராக மக்கள் வீதிக்கு வந்தனர். ஏப்ரல் 6-ஆம் தேதி தளபதி சுவார் அல்-தஹப் ஆட்சியை ஏற்றார். ஓராண்டில் திருப்பித் தருவதாகச் சொன்னார். 1986-இல் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடம் ஆட்சியை ஒப்படைத்து அவர் விலகினார். அங்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது; வறுமை இருந்தது; 'இன்னும் சிறிது காலம்' என்று சொல்லப் போதுமான காரணங்கள் இருந்தன. அவர் அவற்றைப் பயன்படுத்தவில்லை.

எனினும் கதை அங்கு முடியவில்லை. 1989-இல் மற்றோர் இராணுவ அதிகாரி உமர் அல்-பஷீர் அந்த அரசைக் கவிழ்த்து, 2019 வரை ஆண்டார். ஆயுதத்தால் திறக்கப்படும் வாயில் நல்லவருக்கும் அல்லாதவருக்கும் ஒன்றே. தனிமனிதரின் நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு நாடு வாழ இயலாது. அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வேண்டும், அச்சட்டத்தை மதிக்கும் பழக்கமும் வேண்டும்.

நம்மில் பலருக்குப் படை இல்லை. குடும்பப் பொறுப்பு, சங்கத்தின் தலைமை, பொதுப்பணியில் ஒரு பதவி ஆகியவை உண்டு. 'நான் விலகினால் எல்லாம் கெட்டுவிடும்' என்ற எண்ணம் அங்கும் எழுகிறது. அது எழும்போது, 'இதைச் சொல்வது கடமையா, ஆசையா?' என்று தம்மையே கேட்பவர் அரியவர். அக்கேள்வியைத் தொண்ணூறாம் நாளுக்கு ஒத்திவைக்காமல், முதல் நாளிலேயே கேட்பதே நலம்.