பிறவாத வாகனத்தின் மெய்ம்மை

அதிவேகக் கார்களைச் செய்யும் நிறுவனம் ஒன்று அடுத்த ஐந்தாண்டுகளில் என்னென்ன மாதிரிகளை வெளியிடும் என்று ஊகிப்பவர்கள், தாங்கள் பொறியியலையும் சந்தையையும் பற்றியே பேசுவதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஆயினும் ‘இது வரும்’, ‘அது ஒருபோதும் வராது’ என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும், மெய்யியல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் ஒரு வினா அடங்கியிருக்கிறது. இன்னும் இல்லாத ஒரு பொருளைப் பற்றிய கூற்று இன்றைக்கே மெய்யாகவோ பொய்யாகவோ இருக்க இயலுமா என்பதே அவ்வினா. இத்தாலியின் மரனெல்லோ என்னும் ஊரில் 1947-இல் 125 எஸ் என்ற தன் முதல் காரை உருவாக்கிய ஃபெராரி நிறுவனம் இவ்வாராய்ச்சிக்கு நல்ல களமாக அமைகிறது. அங்கே எதிர்காலம் இயற்கையின் கையில் இல்லாமல், பெயர் தெரிந்த சில மனிதர்களின் தீர்மானத்தில் இருக்கிறது என்பதும், அத்தீர்மானங்கள் அவ்வப்போது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டும் மாற்றப்பட்டும் வந்திருக்கின்றன என்பதும் அதற்குக் காரணங்கள்.

இவ்வினாவின் மூல வடிவத்தை அரிஸ்டாட்டில், கூற்றுகளின் இயல்பை ஆராயும் தம் சிறுநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுப்பினார். நாளை ஒரு கடற்போர் நிகழும் என்று ஒருவர் சொல்ல, நிகழாது என்று மற்றவர் மறுத்தால், இருவருள் ஒருவர் இன்றே மெய் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எந்தக் கூற்றும் மெய் அல்லது பொய், மூன்றாவது நிலை இல்லை என்னும் இருமதிப்பு விதி அதைத்தான் சொல்கிறது. ஆனால் இன்றே அது மெய்யென்றால் நாளை அது நிகழாமல் இருக்க வழியில்லை. அப்படியானால் படைத்தலைவர்கள் கூடி ஆலோசிப்பதற்கும் பொருளில்லை. போர் நிகழும் அல்லது நிகழாது என்ற இணைக்கூற்று மட்டுமே இன்று உறுதியானது, அதன் எந்தப் பாதியும் இன்னும் தீர்மானமாகவில்லை என்பதே அரிஸ்டாட்டிலின் விடை என்று உரையாசிரியர் பலர் கொள்கின்றனர். கடற்போரைக் காட்டிலும் கார் இவ்வினாவுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. போரில் காற்றும் அலையும் எதிரியின் மனமும் கலந்திருக்கின்றன. காரின் விஷயத்திலோ ஆலோசனை மண்டபமே எதிர்காலத்தின் பிறப்பிடம்.

இந்தியத் தத்துவங்கள் இதே சிக்கலைக் காரணகாரிய ஆராய்ச்சியின் வழியே அணுகின. காரியம் தோன்றுவதற்கு முன்பே தன் காரணத்தில் நுண்ணிலையில் உள்ளது என்பது சாங்கியரின் கொள்கை. இதற்குச் சற்காரியவாதம் என்று பெயர். நியாய வைசேடிகர் இதை மறுத்து, காரியம் முன்பு இல்லாதது, புதிதாகவே தோன்றுகிறது என்றனர். தோன்றுவதற்கு முந்தைய அந்த இன்மையை முன்னபாவம் என்று பெயரிட்டு, அதற்குத் தொடக்கம் இல்லையென்றும், பொருள் பிறக்கும் கணத்தில் அது முடிந்துபோகிறது என்றும் விளக்கினர். இல்லாமையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது அறிவுக்குப் பொருளாகும் ஒன்றாக, மதித்த இத்துணிவு போற்றத்தக்கது. மெய்கண்டாரை முதலாசிரியராகக் கொண்ட சைவ சித்தாந்தம் சற்காரியவாதத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், மண் தானே குடமாகிவிடாது என்பதை வலியுறுத்தியது. மண்ணாகிய முதற்காரணமும் தண்ட சக்கரமாகிய துணைக்காரணமும் ஒருங்கே இருந்தாலும், குயவனாகிய நிமித்த காரணன் இன்றிக் குடம் இல்லை.

ஃபெராரியின் அன்பர்கள் பெரும்பாலும் தம்மை அறியாமலே சற்காரியவாதிகளாக இருக்கிறார்கள். 2024-இல் வந்த 12சிலிந்த்ரி என்ற கார், 2017-இன் 812 சூப்பர்ஃபாஸ்டில் முன்பே அடங்கியிருந்தது என்றும், அதுவோ ஜியோக்கினோ கொலம்போ 1940-களில் வடிவமைத்த ஒன்றரை லிட்டர் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினில் கருவாக இருந்தது என்றும் அவர்கள் வாதிடுவார்கள். இந்த வாசிப்பில் ஓர் அழகு உண்டு. ஒரு மரபு தன்னைத்தானே விரித்துக்கொள்கிறது என்ற எண்ணம், நிறுவனத்தின் வரலாற்றை ஒரே உயிரின் வளர்ச்சியாகக் காட்டுகிறது. எனினும் 2022 செப்டம்பரில் நான்கு கதவுகளோடு, தரையிலிருந்து உயர்ந்து நின்ற புரோசாங்குவே வந்தபோது இவ்வாசிப்பு தடுமாறியது. எஸ்யூவி எனப்படும் அவ்வகை வாகனத்தை ஃபெராரி செய்யவே செய்யாது என்று தலைமைப் பொறுப்பில் இருந்த செர்ஜியோ மார்க்கியோனே ஒரு காலத்தில் அழுத்தமாக மறுத்திருந்தார். பிறகு அவரே அதற்கு வழிவிட்டார். அவர் மறைந்த 2018-ஆம் ஆண்டிலேயே அத்திட்டம் அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது.

மார்க்கியோனேயின் முதல் மறுப்பைப் பொய்த்துப்போன முன்னறிவிப்பாகக் கொள்வது வழக்கம். கூர்ந்து நோக்கினால் அது முன்னறிவிப்பு என்ற வகையிலேயே சேராது. ‘ஃபெராரி அதைச் செய்யாது’ என்பது ‘ஃபெராரி என்பது அதைச் செய்யாத ஒன்று’ என்னும் இலக்கணம். எதிர்காலத்தைப் பற்றிய வாக்கியம் போலத் தோன்றினாலும் அது நிறுவனத்தின் சாரத்தைப் பற்றிய வாக்கியம். நிறுவனர் என்ஸோ ஃபெராரியும் இவ்வகை இலக்கணம் ஒன்றை வகுத்திருந்தார். 1956-இல் இறந்த அவருடைய மகன் டினோவின் பெயரைத் தாங்கிய ஆறு சிலிண்டர் கார்கள் 1960-களின் இறுதியில் விற்பனைக்கு வந்தபோது, அவற்றில் ஃபெராரி என்ற பெயரும் இல்லை, துள்ளும் குதிரைச் சின்னமும் இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 2021-இல், ஆறு சிலிண்டரும் மின் மோட்டாரும் கொண்ட 296 ஜிடிபி அச்சின்னத்தோடே வந்தது. இங்கே பொய்யானது எது? எந்த உண்மையும் பொய்க்கவில்லை. சாரம் என்று கருதப்பட்டது சாரம் அன்று என்று பின்வந்தோர் முடிவு செய்தார்கள். ஆகவே ‘வராது’ என்று சொல்லும் ஊகக்காரரிடம் முதலில் கேட்கத்தக்கது, அவர் காரைப் பற்றிச் சொல்கிறாரா, தம் வழிபாட்டின் எல்லையைப் பற்றிச் சொல்கிறாரா என்பதுதான்.

நிறுவனமே வெளியிடும் திட்டங்களின் நிலை இதனினும் நுட்பமானது. 2022 ஜூனில் ஃபெராரி, 2030-இல் தன் மாதிரிகளில் 20 விழுக்காடு பெட்ரோல் எஞ்சின் கொண்டவையாகவும், 40 விழுக்காடு முழு மின் வாகனங்களாகவும், 40 விழுக்காடு இரண்டும் கலந்த ஹைபிரிட் வகையாகவும் இருக்கும் என்றது. 2025 அக்டோபரில் அதே நிறுவனம் மின் வாகனங்களின் பங்கை 20 விழுக்காடாகக் குறைத்து, பெட்ரோல் எஞ்சின் வகையை 40 ஆக உயர்த்தியது. 2022-இன் கூற்று பொய்யா? ஆங்கில மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம்ப் 1957-இல் வெளியிட்ட ‘இன்டென்ஷன்’ என்ற நூலில் தரும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இங்கே உதவுகிறது. ஒருவன் கையில் பட்டியலோடு கடைக்குப் போகிறான். அவனைப் பின்தொடரும் துப்பறிவாளன் அவன் வாங்குவதையெல்லாம் குறித்துக்கொண்டே வருகிறான். வாங்கிய பொருளும் பட்டியலும் ஒத்துவராதபோது, துப்பறிவாளனின் பட்டியலில் பிழை இருக்கிறது. வாங்குபவன் விஷயத்திலோ பிழை பட்டியலில் இல்லை, அவன் செயலில்தான் இருக்கிறது. உலகத்தைப் பார்த்து எழுதப்படும் கூற்று வேறு, உலகம் எதைப் பார்த்து நடக்க வேண்டுமோ அந்தக் கூற்று வேறு என்பதே ஆன்ஸ்கோம்ப் காட்டிய வேறுபாடு.

மரனெல்லோவின் திட்டம் வாங்குபவனின் பட்டியல். ஊகக்காரர் எழுதும் பட்டியல் துப்பறிவாளனுடையது. முன்னது பொய்யாவதில்லை, நிறைவேறுகிறது அல்லது கைவிடப்படுகிறது. பின்னதற்கே மெய் பொய் உண்டு. ஆனால் அது தொடரும் மனிதன் இன்னும் கடைக்குள் நுழையவில்லை. நுழையாதவன் என்ன வாங்குவான் என்று எழுதும் துப்பறிவாளன், அவனுடைய பட்டியலை எட்டிப் பார்த்து எழுதலாமேயன்றி வேறொன்றும் செய்ய இயலாது. அதனால் நேர்மையான ஊகம் எதிர்காலத்தைப் பற்றியதாக இல்லாமல், இன்றுள்ள ஒரு சித்தத்தைப் பற்றியதாகிறது; அது மெய்யென்றாலும் இன்றைக்கே மெய், பொய்யென்றாலும் இன்றைக்கே பொய். 2023-இல் ஒருவர், ஃபெராரி தன் மாதிரிகளில் ஐந்தில் இரண்டை மின் வாகனமாக்க எண்ணியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது மெய். 2025-இன் மாற்றம் அந்த மெய்யைப் பின்னோக்கிச் சென்று அழிப்பதில்லை.

தொடரப்படுபவனுக்குத் தான் தொடரப்படுவது தெரியும் என்பது இச்சிக்கலை இன்னும் ஆழமாக்குகிறது. ஃபெராரியின் முதல் மின் காருக்கான சோதனை வாகனம் மரனெல்லோ சாலைகளில் படம்பிடிக்கப்பட்டபோது, அது மசராட்டி லெவாண்டேயின் உடலைப் போர்த்தியிருந்தது. அதன் பின்புறத்தில் போலியான புகைபோக்கிக் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. அனுமானம் என்னும் அளவையைக் கற்பிக்க இந்தியத் தருக்கம் எடுத்துக்கொண்ட முதல் எடுத்துக்காட்டே மலையில் தெரியும் புகையும் அதனால் அறியப்படும் நெருப்பும்தான். புகையும் நெருப்பும் இல்லாத வாகனத்துக்குப் புகைக்குழாய் மாட்டி ஓட்டியவர்கள், அனுமானத்தின் ஏதுவையே குறிவைத்துக் கெடுத்தார்கள். சான்றுபோலத் தோன்றிச் சான்றாகாததை மணிமேகலையின் தருமங்கேட்ட காதை ஏதுப்போலி என்ற பெயரால் விரிவாக வகுக்கிறது. அங்கே சொல்லப்படும் போலிகள் சிந்திப்பவரின் தவறுகள். இங்கே போலி, சிந்திக்கப்படுபவர் வேண்டுமென்றே செய்துவைத்தது. அதை எதிர்கொள்ளத் தனித்த எச்சரிக்கை வேண்டும்.

பௌத்தத் தருக்க ஆசிரியர் தர்மகீர்த்தி இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். காரியத்தைக் கண்டு காரணத்தை அனுமானிக்கலாம். காரணத்தைக் கண்டு காரியம் பிறந்தே தீரும் என்று அனுமானிக்க முடியாது, ஏனெனில் இடையில் தடை நேரலாம். காரணங்களெல்லாம் கூடியிருக்கும்போது அனுமானிக்கத்தக்கது ஒன்றே: அக்காரியத்தைப் பிறப்பிக்கும் தகுதி அங்கே இருக்கிறது. வருங்காலத்தை அறிந்துவிட்டதாகச் சொல்லும் ஆணவத்துக்கும், எதையும் அறிய முடியாது என்னும் சோர்வுக்கும் இடையில் இந்த ‘தகுதி’ என்னும் கருத்து ஓர் உறுதியான நிலத்தைத் தருகிறது. இப்பொருளில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பயனுள்ள கருத்து இதுவே என்று துணிந்து கூறலாம்.

ஃபெராரியின் மிக உயர்ந்த வரிசைக் கார்கள் இதைச் சோதித்துப் பார்க்க இடம் தருகின்றன. 288 ஜிடிஓ 1984-இலும், என்ஸோ வாழ்ந்த காலத்தில் இறுதியாக வந்த எஃப்40 1987-இலும், எஃப்50 1995-இலும், நிறுவனரின் பெயரையே தாங்கிய என்ஸோ 2002-இலும், லாஃபெராரி 2013-இலும், எஃப்80 2024-இலும் வெளியிடப்பட்டன. எஃப்50 முதல் லாஃபெராரி வரை மூன்றிலும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் இருந்ததால், அடுத்ததும் அப்படியே வரும் என்று பலர் எதிர்பார்த்தனர். வந்ததோ மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் ஹைபிரிட். தொடர்ச்சியைக் கண்டு முடிவு செய்தவர்கள் ஏமாந்தனர். காரணங்களைத் தேடியவர்கள் ஏமாறவில்லை. லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 2023-லும் 2024-லும் வென்ற 499பி என்ற பந்தயக் காரில் இருந்ததும் மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் ஹைபிரிட் அமைப்பே. அதைக் கண்டவர் ‘எஃப்80 இப்படித்தான் வரும்’ என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. ‘இப்படி வருவதற்கான தகுதி மரனெல்லோவில் கூடியிருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் போதும், அது பிழையற்ற அறிவாக இருந்திருக்கும்.

இல்லாத கார் உள்ள உலகத்தை அசைக்கிறது என்பதும் கருதத்தக்கது. 2025 அக்டோபரில் திருத்திய திட்டமும் அதனோடு சொல்லப்பட்ட நிதி இலக்குகளும் வெளிவந்த அன்று, மிலான் சந்தையில் ஃபெராரியின் பங்கு விலை ஏறத்தாழ 15 விழுக்காடு சரிந்தது. முன்னபாவத்தில் கிடக்கும் ஒன்று காரணமாகச் செயல்பட முடியுமா என்று நியாயவாதி வினவினால், புனித அகஸ்தீனின் விடையைச் சொல்லலாம்: எதிர்காலம் என்று தனியே ஒன்று இல்லை, உள்ளத்தில் இப்போது இருக்கும் எதிர்பார்ப்பே எதிர்காலம் என்று வழங்கப்படுகிறது. அன்று விலையைச் சரித்தது 2030-இன் காரன்று, அதைப் பற்றி அன்றிருந்த எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு திரும்பவும் ஆலோசனை மண்டபத்துக்குள் சென்று அடுத்த திட்டத்தை வடிவமைக்கிறது. வாங்கக் காத்திருப்போரின் வேட்கையும் ஊகிப்போரின் பட்டியலும் நிமித்த காரணனின் மனத்துக்குள் புகுந்துவிடுகின்றன. கிரகணத்தைக் கணிப்பவரின் கணக்கைச் சந்திரன் படிப்பதில்லை. இங்கே கணிக்கப்படுபவர் கணக்கைப் படிக்கிறார்.

இந்நிலையில் 2030-க்குப் பிந்தைய ஃபெராரியைப் பற்றி என்ன சொல்லத் தகும்? நான்கு மோட்டார்களோடும் 122 கிலோவாட் மணி மின்கலத்தோடும் முதல் மின் காரின் அடித்தளம் 2025-இல் காட்டப்பட்டுவிட்டது. செயற்கை ஒலியைச் சேர்க்காமல், பின்னச்சில் உண்மையாக எழும் அதிர்வை உணரியால் எடுத்துப் பெருக்கிக் கேட்கச் செய்வதாக நிறுவனம் விளக்கியது. அதை உண்மையான ஃபெராரியாக ஏற்பதா, டினோவைப்போல வாசலுக்கு வெளியே நிறுத்துவதா என்பது இலக்கணம் வகுப்போரின் வழக்கு. பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பொறுத்தவரை, முதற்காரணமும் நிமித்த காரணனின் விருப்பமும் இன்று தெளிவாக உள்ளன; துணைக்காரணமாகிய சட்டமே ஐயத்துக்கு உரியது. 2035 முதல் புதிய கார்களின் கரியமில வாயு வெளியேற்றத்தை இல்லாமலாக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய விதி, ஆண்டுக்கு ஆயிரம் கார்களுக்கும் குறைவாகப் பதிவாகும் சிறு நிறுவனங்களுக்கு விலக்களித்தது. 2024-இல் 13,752 கார்களை வழங்கிய ஃபெராரிக்கு அவ்விலக்கு எட்டாது. அவ்விதியைத் தளர்த்துவது குறித்த வழக்காடல் பிரஸ்ஸல்ஸில் நடக்கிறது, மரனெல்லோவில் இல்லை. எனவே அந்த எஞ்சின் தொடர்வதற்கான தகுதியை இன்று அனுமானிக்கலாம், அதன் தொடர்ச்சியை அனுமானிக்க இயலாது.