ஏற்றிக்கொண்ட உயிர்

சிம்பாங் பூலாயிலிருந்து குனோங் ராபாட்டைத் தொட்டுக்கொண்டு ஈப்போவுக்குள் நுழைகிற கோப்பெங் சாலையில், கப்சாய் மோட்டாரில் நாயை ஏற்றிக்கொண்டு போகிறவர்களைக் காண்பது புதிதில்லை. ஓட்டுபவரின் தொடைகளுக்கு நடுவே நாய் நின்றுகொண்டு வரும். முன்னங்கால்கள் கைப்பிடிக் கம்பியின் மேல், பின்னங்கால்கள் சீட்டின் நுனியில். வழுவழுப்பான ரெக்சின் உறையில் நகம் பற்றாது. சிவப்பு விளக்குக்காக பிரேக் போட்டதும் அதன் மார்பு முன்னே போய் மீட்டர் மூடியில் முட்டும். ஓட்டுபவர் இடது கையை எடுத்து அதன் வயிற்றை அணைத்துக்கொள்வார். பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லோரி உறுமிக்கொண்டு நிற்கும்.

பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிலர் படம் எடுப்பார்கள். நாயின் மேல் பிரியம் இல்லாதவர் அதை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வரமாட்டார் என்பதும் உண்மை. அந்தப் பிரியத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஓர் உயிரை வண்டியில் ஏற்றிக்கொண்டவர் அதற்கு எவ்வளவு கடன்பட்டவர் என்பதுதான் கேட்க வேண்டியது.

ரப்பர்த் தோட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் பின்னால் நாயும் நடந்துபோகும். நிரைக்கு நிரை கூடவே வரும், புதரில் பாம்போ பன்றியோ அசைந்தால் குரைத்துக் காட்டும், பால் வாளியைக் காண்டாவில் மாட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பும்போது முன்னால் ஓடும். மனிதன் நடந்த வேகத்தில் நாயும் நடந்தது. தனக்கு வரும் ஆபத்தைத் தன் மூக்காலும் காலாலும் அளந்துகொண்டது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. பேராவின் பல தோட்டக் குடும்பங்கள் ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தபோது நாயும் கூட வந்தது. அப்போதிருந்து எங்கே போவதென்றாலும் அது வண்டியில்தான் போகிறது. அதன் வாழ்க்கை இப்படி மாறிய அளவுக்கு அதை வைத்திருப்பவரின் கடமையும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. வளவில் திரிந்த நாய்க்குக் கொடுத்த அதே கவனத்தைத்தான் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நாய்க்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வேகத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். அந்த வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் 20 கிலோ நாயைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 400 கிலோ சுமையைத் தாங்கும் பிடி வேண்டும். பின்சீட்டில் சும்மா படுத்திருக்கும் நாய்க்கு அந்தப் பிடி எங்கிருந்தும் கிடைக்காது. அது முன்சீட்டில் இருப்பவரின் முதுகிலோ கண்ணாடியிலோதான் போய் நிற்கும். “மடியில்தானே வைத்திருக்கிறேன், கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்” என்று சொல்பவர் தன் கையின் பலத்தைப் பற்றி ஒரு கணமும் யோசித்ததில்லை. ஓட்டுபவரின் மடியில் நாய் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீயரிங்கிலிருந்து காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும்போது அதற்கும் மனிதனின் நெஞ்சுக்கும் நடுவில் இருப்பது நாய்தான்.

மோதல் நடக்கவே வேண்டும் என்பதில்லை. 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. நாய் பின்னாலிருந்து தாவி முன்னால் வருகிறது, ஓட்டுபவர் திரும்பி “டேய், உட்காரு” என்கிறார். இரண்டு விநாடி. 50 மீட்டர் சாலையை யாரும் பார்க்கவில்லை. அந்த 50 மீட்டரில் யாரோ ஒருவரின் பிள்ளை சைக்கிளில் போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே “என் நாய், என் கார், என் விருப்பம்” என்ற பேச்சு இங்கே செல்லாது. சாலை எல்லாருக்கும் பொது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று உண்டு. நாய்க்கு அது பிடித்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காது பறக்க, கண்ணைச் சுருக்கிக் காற்றை முகர்ந்துகொண்டு போகும் நாயைவிட மகிழ்ச்சியான பிராணியைக் காண்பது அரிது. அதைப் பட்டை போட்டுக் கட்டி உட்கார வைப்பது அதன் இன்பத்தைப் பறிப்பதாகாதா? ஓர் உயிரின் நலம் என்று பேசுகிறவர் அந்த உயிரின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியுமா?

எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் விருப்பம் என்பதற்குப் பின்னால் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நாய் தன் ஓட்டத்தின் வேகத்தை அறியும். எந்த வேகத்தில் திரும்பினால் சறுக்கும், எந்த உயரத்திலிருந்து குதித்தால் கால் தாங்கும் என்பது அதன் உடம்புக்குத் தெரியும். வண்டியின் வேகத்தை அதன் உடம்பு அறியாது. பிக்கப்பின் பின்தட்டில் நிற்கும் நாய், சாலையோரத்தில் இன்னொரு நாயைக் கண்டதும் நின்றுகொண்டிருக்கும் வண்டியிலிருந்து இறங்குவதைப் போலவே குதித்துவிடுகிறது. ஆபத்தை அளக்கும் திறமையை அது இழந்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தத் திறமைக்கு எட்டாத ஓர் இடத்தில் நாம் அதை வைத்துவிட்டோம். வைத்தவர்தான் அதற்காகவும் அளக்க வேண்டும். காற்று பிடித்திருக்கிறது என்று நாயின் முகம் சொல்வதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் இதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். மலேசியாவில் காரின் முன்சீட்டுக்கு 1979இல் இருக்கைப்பட்டை கட்டாயமானது, பின்சீட்டுக்கு 2009இல், குழந்தைகளுக்கான தனி இருக்கை 2020இல். ஒவ்வொரு முறையும் முணுமுணுப்பு எழுந்தது. குழந்தை அழும், அம்மாவின் மடிதான் பாதுகாப்பு என்றார்கள். குழந்தை அழுவதால் அதன் பட்டையை அவிழ்த்துவிடலாம் என்று இன்று பொறுப்புள்ள எவரும் சொல்லமாட்டார். குழந்தையிடமாவது “கெட்டியாகப் பிடித்துக்கொள்” என்று சொல்லலாம். நாயிடம் அதுவும் முடியாது, பிடித்துக்கொள்ள அதற்குக் கையும் இல்லை.

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேர்க்காலில் கன்று மாண்ட கதையைப் பெரிய புராணம் சொல்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டுப் பழகியதால் அதில் அரசனின் கடுமை மட்டுமே நம் மனத்தில் நிற்கிறது. நின்று பார்த்தால், தமிழில் வண்டி ஓட்டுகிறவரின் பொறுப்பைப் பற்றி அதைவிடக் கூர்மையாகக் கேட்ட கதை வேறில்லை. இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. கன்றுதான் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்களும் வழி சொன்னார்கள். அரசன் அதை ஏற்கவில்லை. மகனைப் பலி கேட்ட அந்தத் தீர்ப்பை இன்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அரசன் தள்ளிவிட்ட சமாதானத்தை நாமும் தள்ளத்தான் வேண்டும். ‘வேண்டுமென்று செய்யவில்லை’ என்பது செய்தவரின் மனத்தைப் பற்றிய செய்தி, மாண்ட உயிருக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. தேருக்குக் குறுக்கே தானாக வந்த கன்றுக்கே அத்தனை கணக்கு இருந்தது. நாமே கதவைத் திறந்து, தட்டிக்கொடுத்து, பெயர் சொல்லி அழைத்து ஏற்றிக்கொண்ட நாயின் கணக்கு அதைவிடக் குறைவாக இருக்க வழியில்லை.

சரி, கட்டுவது என்றால் எப்படி? இங்கேதான் நல்ல எண்ணம் உள்ளவர்களும் தவறுகிறார்கள். கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி சீட்டில் கட்டினால், பிரேக் போட்ட மாத்திரத்தில் முழு வேகமும் நாயின் தொண்டையில் இறங்கும். கட்டாமல் விட்டதைவிட அது மோசமாகக்கூட முடியலாம். மார்பையும் தோளையும் சுற்றிவரும் அகலமான மார்புப்பட்டைதான் வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழைந்தால் தளர்ந்திருக்கிறது. அதைப் பின்சீட்டின் இருக்கைப்பட்டையில் நாய் உட்காரவும் படுக்கவும் முடிகிற நீளத்துக்கு மாட்ட வேண்டும். சின்ன நாய்க்குக் கூண்டு நல்லது, ஆனால் அந்தக் கூண்டும் நகராமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். கடையில் ‘பாதுகாப்பு’ என்று அச்சடித்து விற்பதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. அமெரிக்காவில் செண்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு பொம்மை நாய்களை வைத்து மோதல் சோதனை நடத்தியபோது பல பட்டைகள் தேறவில்லை. பழக்கமும் தேவை. வீட்டிலேயே சில நாள் பட்டையைப் போட்டு, சோறு வைத்து, பிறகு நிற்கும் காரில் உட்கார வைத்து, அதன்பின் பக்கத்துத் தாமான் வரை போய் வந்தால் பெரும்பாலான நாய்கள் பழகிவிடும். ஒரேயடியாகப் பட்டையைப் போட்டுச் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுச் சாலையில் கொண்டுபோனால் நாய் வாந்தி எடுக்கும், பயப்படும், அடுத்த முறை காரைக் கண்டாலே ஓடும். ஆனால் அந்த வளைவுகளில் கட்டாத நாய் படும் பாடு இன்னும் அதிகம். ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாகச் சறுக்கி, மலை ஏறி முடிவதற்குள் அதன் கால்கள் நடுங்கும்.

கட்டினால் இன்னொரு கடமையும் கூடவே வந்து சேர்கிறது. கட்டப்பட்ட நாய் வெயிலிலிருந்து நிழலுக்கு நகர முடியாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 11 டிகிரி வரை ஏறும். ஈப்போவின் 33 டிகிரி மதியத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூச்சிரைத்தே உடம்பைத் தணித்துக்கொள்ளும் பிராணிக்கு அது அடுப்பு. தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழியில், நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நாயைக் காரில் கட்டிவிட்டு எல்லோரும் பசியாறப் போவது, கட்டாமல் ஓட்டியதைவிடப் பெரிய குற்றம். ஒருவர் அதனோடு நிழலில் நிற்கத்தான் வேண்டும்.

இனி அந்தக் கப்சாய்க்காரரிடம் வருவோம். அவரிடம் கார் இல்லை. பேருந்தில் நாயை ஏற்றமாட்டார்கள். ஊசி போடவோ, சிரங்குக்கு மருந்து வாங்கவோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் மோட்டார்தான் வழி. அந்த மோட்டாரில் சில நாள் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருகிறார்கள். அவரிடம் போய் மார்புப்பட்டை, சோதிக்கப்பட்ட கூண்டு என்று பேசுவது காருள்ளவரின் அறத்தை அவர் தலையில் ஏற்றுவதாகும். செய்ய இயலாததைக் கடமை என்று யாரிடமும் சுமத்த முடியாது. இந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் இயலாதது எது, செய்யாமல் விட்டது எது என்று பிரித்துப் பார்க்கலாம். பின்சீட்டில் ஓர் உறுதியான பிளாஸ்டிக் கூடையை நான்கு மூலையிலும் கட்டி, மேலே வலை போட்டு, அடியில் பழைய சாக்கு விரிப்பது இயலும். பெரிய சாலையை விட்டுத் தாமான் வழியாக மெதுவாகப் போவது இயலும். காருள்ள அண்டை வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் இயலும், தோட்டத்தில் இருந்தபோது அப்படித்தானே ஒருவரை ஒருவர் தாங்கினார்கள். பெரிய நாயை மோட்டாரில் உல்லாசமாகச் சுற்றிக் காட்டாமல் இருப்பதற்குக் காசே செலவில்லை. தேவைக்குப் போவதும் வேடிக்கைக்குப் போவதும் ஒன்றல்ல. மருத்துவரிடம் போகும் நாய் சந்திக்கும் ஆபத்துக்கு ஈடாக அதற்கு ஒரு நன்மை கிடைக்கிறது. சும்மா சுற்றும்போது ஆபத்து நாய்க்கு, பெருமை நமக்கு.

வசதி இருந்தும் செய்யாதவரிடம் இந்தக் கனிவு தேவையில்லை. புத்தம்புது ஹைலக்ஸ் வாங்கி, செம்பனைக் காட்டுக்குப் பன்றி வேட்டைக்கு நாய்களை ஏற்றிச் செல்கிறவர் அவற்றைப் பின்தட்டில் நீளக் கயிற்றில் கட்டிவைப்பதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. கயிறு நீளமாக இருந்தால் குதிக்கும் நாய் தரையையும் தொடாமல், தட்டிலும் இல்லாமல், கழுத்தில் தொங்கிக்கொண்டு போகும். ஓட்டுகிறவருக்கு என்ஜின் சத்தத்தில் அது கேட்காது. வெயிலில் காய்ந்த இரும்புத் தட்டு பாதத்தைச் சுடும். தட்டோடு பொருத்திய கூண்டும் அடியில் ரப்பர் விரிப்பும் அந்த வண்டியின் விலையில் எத்தனையில் ஒரு பங்கு? கலிஃபோர்னியாவில் பிக்கப்பின் திறந்த தட்டில் நாயைக் கட்டாமலோ கூண்டிலிடாமலோ கொண்டுபோவது சட்டப்படி தவறு. ஹவாயில் ஓட்டுநர் மடியில் நாயை வைத்துக்கொள்வதற்குத் தடை. பிரிட்டனின் சாலை விதித்தொகுப்பு நாயைத் தக்கபடி கட்டிவைக்கச் சொல்கிறது.

மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், பிராணியை வைத்திருப்பவர் அதை வலியிலிருந்தும் காயத்திலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. கொடுமை செய்தவருக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது. அப்படியானால் வண்டியில் கட்டாமல் போகிற எல்லாருக்கும் சம்மன் கொடுக்கலாமா? கூடாது என்றே தோன்றுகிறது. மோட்டாரில் நாயை ஏற்றியதற்கு அபராதம் என்றால் ஏழை தன் நாயை மருத்துவரிடம் கொண்டுபோவதையே நிறுத்திவிடுவார். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிய நாட்டில் ஊசி போடாத நாய் ஊருக்கே ஆபத்து. பிக்கப்பின் திறந்த தட்டிலும் ஓட்டுநர் மடியிலும் சட்டம் கை வைக்கட்டும், அங்கே வறுமை என்ற காரணம் இல்லை. மோட்டார்காரருக்குத் தேவை வேறு. ஆண்டுதோறும் நாய் உரிமத்துக்காக மக்கள் மாநகர் மன்றத்தின் முகப்பிடத்துக்கு வருகிறார்கள். ஒரு மார்புப்பட்டையை எப்படிப் போடுவது, கூடையை எப்படிக் கட்டுவது என்று அங்கேயே மலாய், சீனம், தமிழில் ஒரு தாளில் படம் போட்டுக் கொடுக்கலாம். உரிமக் கட்டணத்தோடு சேர்த்து, அடக்க விலைக்கு ஒரு மார்புப்பட்டையையும் விற்கலாம்.